படத்துக்குக் கீழே எழுதிய ஒரு வரி

1955 பிப்ரவரி 3, வியாழக்கிழமை, இரவு எட்டு மணி. எழும்பூரில் போட் மெயில் புறப்பட்டபோது என்னிடம் ஒரு தகரப் பெட்டி, நாற்பது தாள் கொண்ட, படம் வரையும் புத்தகங்கள் இரண்டு, இந்தியன் இங்க் மூன்று புட்டி, அண்ணனிடம் இரவல் வாங்கிய கம்பளிக் கோட்டு, புத்தம் புதிய பாஸ்போர்ட் ஆகியவை இருந்தன. வயது இருபத்துமூன்று. ஓவியப் பள்ளியில் கடைசி வருஷம். இருநூறு வருஷங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில் என் வயதுப் பையன்கள் மலையேறி, பனியில் நடந்து, ரோமாபுரிக்குப் போய்ப் படம் எழுதக் கற்றுக்கொண்டு வந்ததாக எங்கள் வாத்தியார் வகுப்பில் சொல்லுவார். "அயல்நாடு போகாதவன் கண் திறக்காது" என்பார். வசதியுள்ளவர்கள் பாரிஸுக்கு மனுப் போட்டார்கள். பாரிஸ் கனவு எனக்கும் உண்டு, ஆனால் அப்போதைக்குக் கட்டுப்படியான அயல்நாடு இலங்கைதான். நானும் கப்பலில்தான் போனேன், இரண்டு மணி நேரம்.

எதிர் பெஞ்சில் திருச்சிக்குப் போகும் ஜவுளி வியாபாரி ஒருவர் இருந்தார். வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டார்.

"தம்பிக்குச் சொந்த ஊர்?"

"கும்பகோணம்" என்றேன். பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் திருவல்லிக்கேணி. ஆனால் அந்தக் கேள்விக்குத் திருவல்லிக்கேணி என்று யாரும் பதில் சொல்வதில்லை. அவரும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

பிப்ரவரி 4, வெள்ளி. பிற்பகல் தனுஷ்கோடி. அங்கிருந்து தலைமன்னார் இருபத்திரண்டு மைல். கடல் தட்டையாக, வெயிலில் தகடு போலக் கிடந்தது. விசா படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் "கதிர்காம யாத்திரை" என்று எழுதியிருந்தேன். ஓவியம் என்று எழுதினால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், சாமி பெயரைச் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று நண்பர்கள் சொல்லிக் கொடுத்த தந்திரம் அது. அப்போது அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

பிப்ரவரி 5, சனி. விடியற்காலை பொல்காவலைச் சந்திப்பில் இறங்கி, பதுளை ரயிலுக்காக ஐந்து மணி நேரம் காத்திருந்தேன். ஒரு பிளேன் டீ பத்துச் சதம். பால் இல்லாத தேநீரை முதன்முதலில் குடித்தேன். நாவலப்பிட்டிக்கு மேல் பின்னாலும் ஓர் எஞ்சினைக் கட்டி ரயிலைத் தள்ளினார்கள். ஹட்டனைத் தாண்டியதும் கோட்டைப் போட்டுக்கொண்டேன். இரண்டு பக்கமும் தேயிலை. சீப்பால் வாரிவிட்ட தலை மாதிரி மலைகள். பச்சை என்றால் இரண்டு மூன்று வகை என்று நினைத்திருந்த என் கலர் டப்பா அன்று தோற்றுப்போனது.

மாலை நாலரை மணிக்கு வட்டகொடை. ஸ்டேஷனில் நடராசா மாஸ்டர் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். சென்னையில் கல்லூரியில் படித்தபோது என் அண்ணனின் அறைத் தோழர். இப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். பள்ளிக்கூடத்தை ஒட்டிய அவருடைய இரண்டறை வீடு ஸ்டேஷனிலிருந்து இரண்டரை மைல். வழியிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"தம்பி, ரோட்டிலை நிண்டு என்னத்தையும் கீறும். லயத்துக்குள்ளை போறதெண்டால் துரையிட்டை கேட்டுப்போட்டுப் போறதுதான் நல்லது. பிறத்தியார் வந்து போறது அவருக்குப் பிடிக்காது."

லயம் என்பது தொழிலாளர் குடியிருக்கும் நீளக் கொட்டகை. ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு அறை, அறைக்கு ஒரு குடும்பம். தோட்டத்து மேனேஜரைத்தான் துரை என்பார்கள்; அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்வார். அதில் இருப்பதோ தீவின் தென்கோடியிலுள்ள கதிர்காமம்.

பிப்ரவரி 7, திங்கள் முதல் 12, சனி வரை. காலை ஆறு மணிக்குப் பெரட்டு. ஆட்களை நிற்க வைத்துப் பேரெழுதி, எந்த மலையில் வேலை என்று பிரித்து அனுப்புவதற்கு அங்கே அப்படித்தான் பெயர். ஏழு மணிக்குப் பெண்கள் கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு வரிசையாக ஏறுவார்கள். நான் ரோட்டு மதகில் உட்கார்ந்து வரைவேன். இரண்டு கைகளும் தனித்தனியே கொழுந்து கிள்ளும் வேகத்தைப் பென்சிலால் பிடிக்க முடியவில்லை. முதல் மூன்று நாள் வரைந்தவற்றில் எல்லாக் கைகளுமே முள் கரண்டி மாதிரி இருந்தன.

அப்படித்தான் அங்கம்மாளைத் தெரிந்துகொண்டேன். முப்பத்தைந்து வயதிருக்கும். கூடையை நிறுக்கக் கொண்டு போகும் வழியில் நின்று, என் தாளை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"இப்பிடியா கொழுந்தெடுப்பாங்க? மாட்டுக்குப் புல்லறுக்கிற மாதிரியில்ல இருக்கு! வெரல இப்பிடி வைக்கணுங்கய்யா" என்று செடியில்லாமலே காற்றில் கிள்ளிக் காட்டினாள். மறுநாளும் வந்து பார்த்து, "இப்ப பரவாயில்லீங்க, கைன்னு தெரியுது" என்றாள். அந்த வாரம் எனக்கு உண்மையாகப் பாடம் சொல்லிக் கொடுத்தது அவள்தான்.

பிப்ரவரி 13, ஞாயிறு. வேலை இல்லாத நாள். அங்கம்மாள் கூப்பிட்டதால் ஆறாம் நம்பர் லயத்துக்குப் போனேன். மாஸ்டர் சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் போனேன்.

அவள் கணவர் பெருமாள் வாசலுக்கே வந்து அழைத்தார். கவ்வாத்துக் கத்தியால் தேயிலையை வெட்டி மட்டம் செய்யும் வேலை அவருக்கு. முன்கையெல்லாம் கீறல்.

"வாங்கய்யா, உள்ள வாங்க. நாங்க நாற்காலிக்கு எங்க போறது, இந்தப் பொட்டியில உக்காருங்க. ஆனா பாத்து உக்காருங்க, எங்க தலையெழுத்தே அதுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

பெட்டிக்குள் இருந்தவை அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கான காகிதங்கள். இந்தியாவிலிருந்து வந்த வம்சத்தவர், அங்கேயே பிறந்திருந்தாலும், மனுப் போட்டுத்தான் இலங்கைப் பிரஜை ஆக முடியும். மனுப் போட்டு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். அவரும் மனைவியும் இந்த நாட்டிலேயே தொடர்ந்து இருந்து வருகிறார்கள் என்று காட்ட வேண்டும். அரிசிக் கூப்பன் புத்தகம், பழைய துரைமார் கொடுத்த சீட்டுகள், பிறப்புப் பத்திரங்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து, துணியால் துடைத்து, திரும்ப வைத்தார். அங்கம்மாளின் பிறப்புப் பத்திரத்தில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "பெண் குழந்தை" என்று மட்டும் இருந்தது. தோட்டத்தில் பிறந்த பலருக்கு அப்படித்தானாம். பிள்ளைக்குப் பேர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள்.

"இன்னும் ஒரு விசாரணைதாங்க பாக்கி. ஐயா ஒருத்தரு நேர்லயே வந்து பாப்பாராம். அது முடிஞ்சா பயமில்ல. புள்ளைங்க இங்கனயே படிக்கும், இங்கனயே இருக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் அங்கம்மாளை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து வரைந்தேன். அந்தப் பயணத்தில் என் கைக்கு வந்த நல்ல படம் அது. முகம் அப்படியே வந்துவிட்டது. மகிழ்ச்சியில், அவளுக்கே கொடுத்துவிடுவது என்றும் எனக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்வது என்றும் முடிவு செய்தேன். கொடுப்பதை அழகாகக் கொடுக்கவேண்டும் அல்லவா? இந்தியன் இங்கை எடுத்தேன். பட்டை எழுத்து எழுதுவதில் பள்ளியில் எனக்குத்தான் முதல் பரிசு.

"உங்கள் சொந்த ஊர் எது?" என்று கேட்டேன்.

"எங்க ஊருங்களா? முசிறிங்க."

"பிறந்தது அங்கேயா?"

அவள் சிரித்தாள். "பொறந்தது இந்தா, இதே ஆறாம் நம்பர் லயத்துலதாங்க. எங்கப்பாவும் இந்தத் தோட்டந்தான். தாத்தாதான் அங்கிட்டிருந்து வந்தது. நாங்க கப்பலையே பாத்ததில்ல. ஆனா ஊருன்னா முசிறிங்க."

தோட்டத்தை அவர்கள் யாரும் ஊர் என்று சொல்வதில்லை. இருக்குமிடம் தோட்டம், வெளியே போனால் டவுன். ஊர் என்ற சொல்லை மட்டும் கண்ணால் காணாத ஓர் இடத்துக்காக எடுத்து வைத்திருந்தார்கள். எனக்கு அது விளங்கியது. விளங்கியும், படத்துக்குக் கீழே "ஆறாம் நம்பர் லயம்" என்று எழுத மனம் வரவில்லை. அதில் என்ன அழகு இருக்கிறது? இப்படி எழுதினேன்:

"முசிறி அங்கம்மாள். கடல் கடந்து பிழைக்க வந்தவள்."

அதற்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். பெரிய ஓவியர்கள் கையெழுத்தை யாரும் படிக்க முடியாதபடி போடுவார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம். அதனால் ஆறு மாதம் பழகிய கிறுக்கல் அது. தேதியையும் போடவில்லை, அழகு கெட்டுவிடும் என்று.

பெருமாள் எழுத்துக் கூட்டிப் படித்தார். "மு-சி-றி" என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "ஊரு பேரையெல்லாம் போட்டுட்டாரு பாத்தியா!" என்றார். அடுத்த வரியையும் படித்தார், அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார்கள். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து பார்த்தார்கள். அவள் பெயரும் ஓர் ஊரின் பெயரும் சேர்ந்து எழுதப்பட்ட ஒரே காகிதம், அந்த வீட்டில் அதுதான்.

பிப்ரவரி 16, புதன், மாலை ஐந்து மணி. பிரதியில் கண்களைச் சரிசெய்வதற்காக மறுபடி லயத்துக்குப் போனேன். வாசலில் கூட்டம். விசாரணை ஐயா வந்திருந்தார். ஐம்பது வயதுச் சிங்களவர். மரியாதையானவர், குரலை உயர்த்தவே இல்லை. கூட வந்த மொழிபெயர்ப்பாளர் பெட்டிக் காகிதங்களைப் படித்துச் சொல்ல, அவர் குறித்துக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்றேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "பெண் குழந்தை" என்ற பத்திரம் வந்தபோது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, அங்கம்மாளை நிமிர்ந்து பார்த்தார். அப்போது அவர் பார்வை சுவருக்குப் போனது.

படம் அவருக்குப் பிடித்திருந்தது. அருகில் போய்ப் பார்த்தார். பிறகு கீழே விரலைக் காட்டி ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் முதலில் தமிழில் உரக்கப் படித்தார். அந்த அறையில், அத்தனை பேர் நடுவில், என் வரியை இன்னொருவர் குரலில் கேட்டேன். பிறகு சிங்களத்தில் சொன்னார். ஐயா பேனாவைத் திறந்தார்.

"கடல் கடந்து எப்ப வந்தேன்னு கேக்கிறாரு" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"நான் வரலீங்களே. இங்கதாங்க பொறந்தேன்" என்றாள் அங்கம்மாள்.

"அப்ப முசிறி?"

"முசிறி எங்க ஊருங்க."

"ஊருன்னா அங்க வீடு இருக்கா? சொந்தக்காரங்க இருக்காங்களா? போய் வர்றதுண்டா?"

"இல்லீங்க. ஊருதாங்க, ஆனா..." என்று இழுத்தாள். பெருமாள் இடையில் புகுந்து, "அது சும்மா சொல்றதுங்க சாமி" என்றார். சும்மா சொல்றது என்பதை மொழிபெயர்ப்பாளர் எப்படிச் சொன்னாரோ தெரியாது. ஐயா எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு கையெழுத்தைச் சுட்டினார்.

"இது யாரு எழுதினதுன்னு கேக்கிறாரு."

படப் புத்தகம் என் கக்கத்தில் இருந்தது. நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கோட்டை இழுத்து அதை மூடினேன். ஒரு வாக்கியம் போதும். "நான்தான் எழுதினேன், அவள் இங்கே பிறந்ததாகத்தான் சொன்னாள், அழகுக்காக மாற்றி எழுதினேன்" என்றால் முடிந்தது. ஆனால் நீ யார், எங்கே தங்கியிருக்கிறாய், துரைக்குத் தெரியுமா, கதிர்காமம் என்றாயே என்று அடுத்த கேள்விகள் எல்லாம் எனக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றன. கப்பலில் திருப்பி அனுப்பினால் பாஸ்போர்ட் போய்விடும். பாஸ்போர்ட் போனால் பாரிஸ் போய்விடும்.

அங்கம்மாள் என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"வழியில போன யாரோ ஒருத்தரு போட்டுக் குடுத்தாங்க சாமி" என்றாள்.

பிப்ரவரி 17, வியாழன். மாஸ்டருக்கு இரவே செய்தி போய்விட்டது. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"நான் போய்ச் சொன்னால் வாத்தியார் கதை எண்டு விட்டிடுவினம். எழுதின ஆள் நீர். நீர்தான் போகவேணும். அவர் நுவரெலியா ரெஸ்ட் ஹவுசிலை வெள்ளிக்கிழமை வரைக்கும் நிற்கிறார்."

ஒன்பதரை ரயிலில் நானுஓயாவுக்குப் போனேன். அங்கிருந்து ஐந்து மைல் பஸ், இருபத்தைந்து சதம். நுவரெலியா இங்கிலீஷ்காரர்கள் தங்கள் ஊரை நினைத்துக் கட்டிய ஊர். ஓட்டுக்கூரை பங்களா, புகைபோக்கி, குதிரைப் பந்தய மைதானம், ரோஜாத் தோட்டம். ஆறாயிரம் அடி உயரத்தில் மத்தியான வெயிலே குளிர்ந்தது. ரெஸ்ட் ஹவுஸ் வராந்தாவில் ஐயா ஃபைல்களோடு உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். எனக்கும் ஒரு தேநீர் வரவழைத்தார்.

"நீங்கள் வந்தது நல்லதாயிற்று. வாயால் சொன்னால் ஃபைலில் ஏறாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பாஸ்போர்ட் நம்பர், எந்த விசாவில் வந்தீர்கள், எங்கே தங்கியிருக்கிறீர்கள், எல்லாம் வேண்டும். பாஸ்போர்ட் இருக்கிறதா?" என்றார்.

"வட்டகொடையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்" என்றேன்.

பாஸ்போர்ட் என் கோட்டின் உள்பையில், நெஞ்சுக்கு மேலே இருந்தது.

"பரவாயில்லை. நாளை நாலு மணி வரை இருப்பேன், கொண்டு வாருங்கள்" என்றார்.

பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஏரிக்கரையில் உட்கார்ந்து படம் வரைந்தேன். அன்று வரைந்த ஏரி நன்றாக வந்திருக்கிறது. அதைச் சொல்லவே கூசுகிறது.

பிப்ரவரி 18, வெள்ளி. காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். மாஸ்டர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கொத்தமல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். திட்டியிருந்தால் எழுந்து போயிருப்பேனோ என்று பல நாள் நினைத்ததுண்டு. அதுவும் பொய்தான். போயிருக்க மாட்டேன். சுவர்க் கடிகாரம் நாலு அடிக்கும் வரை படுத்திருந்தேன். அடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. எழுந்து டீ குடித்தேன்.

பிப்ரவரி 20, ஞாயிறு, காலை பத்தரை. வட்டகொடை ஸ்டேஷன். யாருக்கும் சொல்லாமல் போய்விடலாம் என்றிருந்தேன். பெருமாளும் அங்கம்மாளும் மேடையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கையில் சுருட்டிய படம். அவள் கையில் பழைய பேப்பரில் கட்டிய தேயிலைத்தூள்.

"ஊருக்குப் போறீங்க, வெறுங்கையோட எப்பிடி அனுப்புறது" என்று பொட்டலத்தைக் கொடுத்தாள். பெருமாள் படத்தை விரித்தார்.

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. மொகம் நல்லா இருக்குங்க, அது இருக்கட்டும். இந்தக் கீழ இருக்கிற எழுத்த மட்டும் அழிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

இந்தியன் இங்க் அழியாது. பென்சில் சீவும் பிளேடை எடுத்து, ஸ்டேஷன் பெஞ்சில் தாளை வைத்து, கீழ் வரியை நீளமாக அறுத்தேன். பிளேடு விலகியதில் அவள் சேலைத் தலைப்பின் நுனியும் கொஞ்சம் போய்விட்டது. மேல் பகுதியைப் பெருமாளிடம் கொடுத்தேன். கீழ்த் துண்டு என் கையில் தங்கியது.

ரயில் சத்தம் கேட்டது. அப்போதாவது கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"அன்றைக்கு என்னை ஏன் காட்டிக் கொடுக்கவில்லை?"

அங்கம்மாள் நெற்றியில் கூடைக் கயிறு அழுத்திய தழும்பைத் தடவிக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்தவுங்கள நாங்க எப்பிடிங்க சொல்றது? நீங்களே சொல்லுவீங்கன்னுதான் பாத்தேன்" என்றாள்.

அதில் கோபம் இல்லை. ஏறி உட்கார்ந்தேன். நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

பிப்ரவரி 21, திங்கள். தலைமன்னார்த் துறை. எந்த அதிகாரிக்குப் பயந்து இத்தனையும் செய்தேனோ, அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பாஸ்போர்ட்டைப் புரட்டினார், முத்திரை குத்தினார், அடுத்தவரை அழைத்தார். கதிர்காமத்தில் தரிசனம் எப்படி என்றுகூடக் கேட்கவில்லை.

அந்த வருஷ இறுதியில் மாஸ்டரிடமிருந்து கடிதம் வந்தது. பெருமாளின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்றும், மனைவி தொடர்ந்து இந்நாட்டில் வசித்தது ருசுவாகவில்லை என்று காரணம் காட்டியிருப்பதாகவும் எழுதியிருந்தார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெயரில்லாத அந்தப் பிறப்புப் பத்திரம்தான் காரணமாக இருக்கலாம். வேறு எத்தனையோ பேருக்கும் மறுத்திருக்கிறார்கள். என் வரிதான் என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சந்தேகத்தில் எனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அதில் ஒண்டிக்கொள்ளும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக் கண்காட்சியில் நான் எடுத்து வந்த பிரதிக்குப் பரிசு கிடைத்தது. அதன் கீழே "ஆறாம் நம்பர் லயம், வட்டகொடை" என்று எழுதியிருந்தேன். வாத்தியார் அருகில் வந்து பார்த்து, "படம் பிரமாதம். வரிதான் சப்பென்று இருக்கிறது" என்றார். ஆமாம் என்றேன்.

பத்து வருஷம் ஆகிவிட்டது. நான் பாரிஸுக்குப் போகவில்லை. அந்தப் பாஸ்போர்ட் வேறொரு முத்திரையும் காணாமல் காலாவதியானது. அறுத்த துண்டு அதற்குள்ளேதான் இருக்கிறது, எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை. தனுஷ்கோடியும் இப்போது இல்லை, புயல் கொண்டுபோய்விட்டது. மலைநாட்டுத் தோட்டத்து ஜனங்களில் லட்சக் கணக்கானவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேப்பரில் வருகிறது. அங்கம்மாளும் ஒரு நாள் கப்பலைப் பார்ப்பாள் போலிருக்கிறது. முசிறி பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகளோடு இறங்கி, தன் ஊர் எது என்று யாரைக் கேட்பாளோ தெரியாது.

போன வாரம் ரயிலில் ஒருவர் என்னிடம் சொந்த ஊர் எது என்று கேட்டார். வாய் தானாகக் கும்பகோணம் என்றது. அங்கே நான் சேர்ந்தாற்போல் பத்து நாள் இருந்ததில்லை. அப்படிச் சொன்னதற்காக இதுவரை யாரும் என்னைக் கும்பகோணத்துக்கு அனுப்பியதும் இல்லை.